சும்மா நின்ற கம்பிகள்

1

மாப்பிள்ளை மாடிப்படிகளை மூன்று மூன்றாகத் தாவி ஏறினார். ஒரு காலில் மட்டும்தான் செருப்பு.

(தொடர்கதை எழுதிப் பழகிய கை. ஓட்டத்தில்தான் ஆரம்பிக்கும். முதலில் எழுதியது, "எலும்புக்கும் பாலத்துக்கும் என்ன உற". கட்டுரை வாடை அடித்தது, பாதியில் விட்டுவிட்டேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: இது என் கற்பனை இல்லை. ஓடுகிறவர் என் தங்கையின் கணவர். பொறியாளர்.)

ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தையும் புதுக் கட்டடத்தையும் மூன்றாம் மாடியில் இணைக்கும் தொங்கு நடைபாலம், அவர் வரைந்தது. அதைத் துடைக்கிற அம்மா போன் செய்திருந்தார்.

"சார், மேல இழுத்துப் பிடிச்சிருக்கிற கம்பி ஒண்ணு அறுந்து தொங்குது. கால வச்சா பாலம் முனகுது. புதுக் கட்டடப் பக்கம் நான் மறிச்சு நிக்கிறேன். அந்தப் பக்கம் ஆளே இல்ல!"

மணி ஒன்று ஐம்பது. இரண்டு மணிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஷிஃப்ட் மாறும். அந்தப் பக்கத்திலிருந்து பாலத்தைக் கடந்துதான் என் தங்கை வேலைக்குப் போவாள். போனை எடுக்கவில்லை.

2

(ஓட்டத்தை நிறுத்துவதற்கு மன்னியுங்கள். இதைச் சொல்லாவிட்டால் பாலம் புரியாது.)

அவர் மேசையில் ஒரு பறவையின் இறக்கை எலும்பு உண்டு, நீளவாக்கில் பிளந்தது. உள்ளே வெறும் காற்று. பாரம் விழும் இடங்களில் மட்டும் குறுக்கே நூல் நூலாகத் தாங்கிகள்.

"பாருங்க மச்சான், ஒரு இணுக்குகூட சும்மா இல்ல. இதத்தான் நான் கம்ப்யூட்டர்ல பண்றேன். பாரம் வராத இடத்துல இரும்ப அதுவே தின்னுடும்."

"என் பொழப்பும் அதான் மாப்ள. பாரம் தாங்காத வரிய வெட்டிடுவேன்."

உள்ளேயிருந்து தங்கையின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் வெட்டுறதுல கெட்டி. காய் வெட்டத்தான் இந்த வீட்ல ஆள் இல்ல!"

3

மாப்பிள்ளை பாலத்தின் வாசலுக்கு வந்தபோது அவள் பாதி தூரம் போயிருந்தாள்.

"நில்லு!"

நின்றாள். சரியாக நடுவில்.

("ஓடு" என்று கத்தியிருக்க வேண்டும். என் கதாநாயகர்கள் என்றால் சரியாகக் கத்துவார்கள். அவர்களுக்கு ஒரு வாரம் அவகாசம் இருக்கிறது.)

திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "என்னங்க இது, ஒத்தச் செருப்போட?"

4

(வெட்டிவிட்டேன். கதைக்குத் தேவையில்லை.)

5

முடிவு அ: மிச்சக் கம்பிகள் தாங்குகின்றன. அவள் வெளியே வந்து, ஊரைக் கூட்டியதற்காக அவரைத் திட்டுகிறாள். வாசகர் கடிதங்கள் குவியும்.

முடிவு ஆ: அவர் பாய்ந்து அவள் கையைப் பிடி

முடிவு இ: எழுத மாட்டேன். எழுதாவிட்டால் மட்டும் என்ன? வீட்டுக் கூடத்தில் அவள் படத்தை மாட்டி ஒன்பது மாதம் ஆகிறது.

விசாரணையில் மாப்பிள்ளை சொன்னார்: "எலும்புக்கு வலிக்கும் சார். வலிச்சா கால ஊன மாட்டோம். அதுக்குள்ள ஒட்டிக்கும். இரும்புக்கு வலிக்காது. அது எனக்குத் தோணாமப் போச்சு."

முதல் வரைபடத்தில் கூடுதலாக இரண்டு கம்பிகள் இருந்தன. ஒன்று அறுந்தால் பாரத்தை அவை வாங்கிக்கொண்டிருக்கும். யார் சொல்லி எடுத்தீர்கள் என்று கேட்டார்கள்.

"யாரும் சொல்லல. நானேதான்."

நான் பின்வரிசையில் இருந்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று முடிவில் உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வெட்டிய பகுதி இல்லாமல் இந்தக் கதை நிற்காது போலிருக்கிறது.

4

அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்திருந்தார்.

"இந்த ரெண்டும் வேண்டாம்னுதான் கம்ப்யூட்டர் சொல்லுது மச்சான். எனக்குத்தான் மனசு கேக்கல. இருந்துட்டுப் போகட்டுமேன்னு வச்சிருக்கேன்."

"சும்மா நிக்கிறதுக்கு என்ன, மாமியார் வீட்டு விருந்தாளியா? எலும்பு எலும்புன்னு அளந்தீங்களே, இப்ப எங்க போச்சு அந்த வீரம்?"

பழக்கதோஷம், சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது. இரண்டு கம்பிகளையும் அடித்துவிட்டேன்.

அவர் யோசித்தபடி தங்கையைப் பார்த்தார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன் வெட்டினா சரியாத்தாங்க இருக்கும்."