இரண்டாவது சாட்சி

22.01.1966, சனி. நேற்றைய பக்கத்தில் "நாளை பிறை நிச்சயம் தெரியும்" என்று எழுதியது பிழை. வாடைக் காலத்து மேகத்தை வைத்துக்கொண்டு நிச்சயம் என்று எழுதக் கூடாது. அரைவாசி நம்பிக்கை என்று திருத்திக்கொள்கிறேன்.

இதை நாட்குறிப்பில் எழுதி, மை உலர்ந்த பிறகுதான் ஸெய்னுதீன் கிண்ணியாக் கடற்கரைக்குப் போனான். மாலை வகுப்பில் தர்க்கவியல் படிக்கத் தொடங்கியதிலிருந்து எதையும் அளந்துதான் நம்புவான். ஆசையை மட்டும் அளக்கத் தெரியவில்லை. பிறை தெரிந்தால் நாளை நோன்புப் பெருநாள்; கப்பலில் வேலை செய்யும், அக்காவின் கணவரான மச்சான் கலீலுர் றஹ்மான் ராத்தாவோடும் பிள்ளைகளோடும் கொண்டாடிவிட்டுப் போவார். தெரியாவிட்டால் நாளையும் நோன்பு. பெருநாளைக் காணாமலே அவர் மாலை ரயிலில் கொழும்புக்குப் போக வேண்டியதுதான்.

சூரியன் மறைந்ததும், "அந்தா!" என்று விரலை நீட்டினார், ஊரார் அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் மீன் வியாபாரி முஹம்மது தம்பி. மேக இடுக்கில் வெள்ளை நூல்போல ஒன்று. "ஓம், ஓம்!" என்று ஸெய்னுதீனும் கத்தினான். உடனே மேகம் மூடிக்கொண்டது. வேறு யாரும் காணவில்லை.

பள்ளிவாசலில் பிறை கண்டதற்கு இரண்டு சாட்சி கேட்டார்கள். காக்கா சத்தியம் பண்ணிவிட்டார். நிர்வாகத்தில் மூத்தவரான ஸைனுலாப்தீன் மரைக்கார் இவன் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் கண்டனீங்கதானே, தம்பி?"

ஸெய்னுதீன் யோசித்துப் பார்த்தான். அந்த விரல் நீளாவிட்டால் தான் எதையாவது கண்டிருப்பானா? ஓம் என்றால், காக்காவின் ஒரு சோடிக் கண்ணையே இரண்டு தரம் எண்ணுவதாகாதா?

"பத்துக்கு ஏழு நம்பிக்கை இருக்கு, மரைக்கார்."

"அப்ப மிச்சம் மூண்டுக்கும் நாளைக்கு நோன்பு பிடிக்கிறதா?"

கூட்டம் சிரித்தது.

"காக்கா காட்டினதுக்குப் பிறகுதான் கண்டனான். சத்தியம் பண்ண ஏலாது."

"பின்னேரப் படிப்புப் படிச்சு இருந்த கண்ணும் போயிட்டு இவருக்கு," என்றார் காக்கா. "கடற்கரையில கத்தினது ஆர், உங்கட வீட்டுப் பூனையா?"

மரைக்கார் சிரிக்கவில்லை. "ஒரு சாட்சி போதாது. வானொலியிலயும் பிறைச் செய்தி இல்லை. நாளைக்கு முப்பதாம் நோன்பு," என்று அறிவித்தார்.

பள்ளிவாசலுக்கு வந்திருந்த மச்சானோடு ஒழுங்கை வழியே வீட்டுக்கு நடந்தான்.

"என்னில கோவமா, மச்சான்?"

"கோவம்தான். ஆனா நீ ஓம் எண்டிருந்தா ஊரெல்லாம் பெருநாள் சோறு தின்னும், நீ ஒரு வாய் தின்ன மாட்டாய். அதையும் நான் பார்த்துக்கொண்டு இருக்கோணும்."

வீட்டில் ராத்தா நபீஸா பெருநாள் பலகாரத்துக்கு ஊறவைத்த அரிசியை வடித்து மூடினாள். அது பிறையாகவே இருந்திருக்கலாம். இப்போதும் அவன் மனம் பத்துக்கு ஏழு என்றுதான் சொன்னது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நாட்குறிப்பில் எழுதினான்:

நாளை: விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்ப வேண்டும். மச்சான் வழியில் நோன்பு திறப்பதற்குப் பேரீச்சம்பழம் வாங்கிக் கட்டி, அவரோடு ஸ்டேஷன்வரை போக வேண்டும்.