பின் சீட்டில் ஆள் இல்லை

சுரங்கத்து ஆட்களில் அந்த வருஷம் பைக்கில் விழுந்து லீவு போட்டவர்கள் பதினோரு பேர். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லோரும் மைதானத்துக்கு வர வேண்டும், ஓட்டுவதற்குப் பயிற்சி என்று ஷிப்டில் சொல்லிவிட்டார்கள். வராதவர்களுக்கு மைன்ஸ் கேட்டில் வண்டி பாஸ் கிடையாது.

ஜியாவுதீனுக்கு எரிச்சல். இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறவனுக்கு என்ன பயிற்சி? அதோடு, விழுந்தது அவன் தப்பும் இல்லை. பலாப்பழ சீசனில் மனைவி சித்தீகாவை ஏற்றிக்கொண்டு மேல்பட்டாம்பாக்கத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போனான். பண்ருட்டி தாண்டியதும் முன்னால் போன லோடு வண்டி சட்டென்று நின்றது. இவன் பிரேக் அடித்தான். அவள் பயந்துபோய்த் தோளைப் பிடித்து இழுத்தாள். வண்டி சறுக்கிப் படுத்தது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்குக் காறை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் மச்சானிடம் இப்படித்தான் சொன்னான். பிறகு குவார்ட்டர்ஸ் பிளாக்கில் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். நாலு மாசத்தில் சித்தீகாவே சொல்ல ஆரம்பித்திருந்தாள். "நான்தான் இழுத்துட்டேன். கைய வச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்." இடது கை இன்னும் தோளுக்கு மேல் எழவில்லை. துணிக்கொடியைத் தாழ்த்திக் கட்டியிருந்தார்கள். வண்டியில் ஏறுவதை அவள் விட்டுவிட்டாள்.

பயிற்சியாளன் சசிகுமார் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தான். "நாப்பதுல வாங்க. கோட்டுக்கு வந்ததும் பிரேக் புடிங்க. எங்க நிக்கிறீங்கன்னு பாப்போம்."

ஜியாவுதீன் வந்தான், மிதித்தான். பின் சக்கரம் கிறீச்சிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனது. காலை ஊன்றித்தான் நிற்க முடிந்தது. கோட்டிலிருந்து இருபது தப்படி.

"முன் பிரேக் புடிச்சீங்களாண்ணே?"

"அதப் புடிச்சா ஆளக் குப்புறத் தள்ளிடும் தம்பி."

வரிசையில் நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சசிகுமார் வலக்கைப் பிரேக்கை அழுத்திப் பார்த்தான். அது கைப்பிடியோடு போய் ஒட்டியது.

"ஒயரு இவ்ளோ லூஸா இருக்கே?"

"நான்தான் லூஸ் பண்ணேன். வண்டி வாங்குன அன்னிக்கே. அவசரத்துல கை போயிடக் கூடாதுல்ல."

"அதுக்குக் கழட்டி எடைக்குப் போட்டிருந்தா பேரீச்சம்பழமாச்சும் கெடச்சிருக்கும், பாய்," என்றான் தனகோடி. அவனும் அதே ஷிப்ட். அவன் காலில் இன்னும் கட்டு இருந்தது.

சசிகுமார் ஸ்பேனர் வைத்து ஒயரை முறுக்கினான். "வெடுக்குனு புடிச்சாதான் தள்ளும். மொதல்ல லேசா. வண்டி முன்னால அமுங்கும். அப்புறம் அழுத்திக்கினே போங்க, பின் பிரேக்கோட சேத்து."

முதல் இரண்டு தடவை விரல் போகவே இல்லை. மூன்றாவது தடவை போனது, பயந்து விட்டுவிட்டான். ஆறாவது தடவை வண்டி நேராக வந்து நின்றது.

இறங்கி அவனே நடந்து எண்ணினான். பன்னிரண்டு. அங்கே நிற்காமல், முதலில் நின்ற இடம் வரை போனான். டயர் தேய்த்த கறுப்புக் கோடு ஒரு பக்கமாக வளைந்து கிடந்தது. பண்ருட்டி ரோட்டிலும் இப்படித்தான் கிடந்தது. இன்றைக்குப் பின் சீட்டில் ஆள் இல்லை. தோளை யாரும் இழுக்கவில்லை.

வீட்டில் சித்தீகா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "பாஸ் குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க." செருப்பைக் கழற்றாமல் நின்றான். "அன்னிக்கு நீ இழுத்ததால விழல சித்தீகா. முன் பிரேக்க நான் லூஸ் பண்ணி வச்சிருந்தேன். இன்னிக்குத் தனியாத்தான் ஓட்டினேன். அப்பவும் அதே மாதிரி சறுக்குச்சு."

அவள் கீரையை முறத்தில் போட்டாள்.

"நாலு மாசமா தொழுவுறப்பல்லாம் நான் இழுத்ததச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கினு இருக்கேன்."

"எனக்குத் தெரியாது."

"எங்க அண்ணங்கிட்ட யாரு சொன்னது?"

"நான்தான்."

"எதிர் வூட்டு மலர்விழி அக்காகிட்ட?"

"நான்தான்."

"அக்கா இப்ப வூட்லதான் இருக்காங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க."

"இப்பவா? சாப்பிட்டுட்டு..."

"சோறு எங்கயும் போவாது."

அவன் தெருவைக் கடந்து மணியை அடித்தான். மலர்விழி ஈரக்கையோடு வந்து கதவைத் திறந்தாள்.

"வாங்க பாய். சித்தீகாவுக்குக் கை பரவாயில்லியா?"

"அதப் பத்தித்தான்," என்றான்.