வாத்தம்மாவின் நடை

பக்கத்து வீட்டு வெண்டலுக்கு ஹாலிவுட்டில் கார்ட்டூன் படங்களுக்கு வரைகிற வேலை. குழந்தைகள் பாட்டு ஒன்றில் வரும், கோபித்துக்கொண்டு சந்தைக்குப் போகும் வாத்தம்மாவை அவர் திரையில் நடக்கவிட வேண்டும். திங்கட்கிழமைக்குள் நடை சரியாக வராவிட்டால் வேலை கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அதனால் மனிதர் நிலைக்கண்ணாடி முன்னால் இடுப்பை ஆட்டி நடப்பதும், வரைவதும், கசக்கி எறிவதுமாக இருந்தார். எங்கள் சமையலறை ஜன்னலில் நின்றால் எல்லாம் தெரியும். நான் பாத்திரம் கழுவத்தான் நின்றேன்.

ஞாயிறு மதியம் அவர் மனைவி லொரேனா வெடித்தாள். "கோழி வறுவல் ஆறி விறைச்சுப் போச்சு. கூப்பிட்டா வாத்து மாதிரி கத்துறீங்க! எங்கம்மா வீட்டுக்குப் போறேன். அந்த வாத்தையே கட்டிக்கிட்டு அழுங்க!"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டி, முழங்கைகளை விரித்து, விறுவிறுவென்று தெருவில் இறங்கினாள்.

வெண்டல் பின்னாலேயே ஓடினார். கெஞ்சப் போகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் கையில் பென்சிலும் காகிதமும்!

"லொரேனா, நிக்காதே! அப்படியே போ! கொஞ்சம் மெதுவா!"

"கடவுளே, இந்த மனுஷனோட..." என்று அவள் இன்னும் வேகமாக நடந்தாள். டிராம் நிறுத்தம் வரை அவர் வரைந்துகொண்டே போனார்.

வேலை போகாமல் தப்பியது, லொரேனாவும் திரும்பி வந்தாள். படம் வந்தபோது தெருவே போய்ப் பார்த்தது. வாத்தம்மா நடந்ததுமே எல்லோரும் லொரேனாவைத் திரும்பிப் பார்த்தோம்.

"என் இடுப்பு அவ்வளவு பெருசாவா இருக்கு?" என்று புருஷனைக் கிள்ளினாள்.

"பாதியாக் குறைச்சுத்தாம்மா வரைஞ்சேன்" என்றார், பிழைக்கத் தெரியாத மனிதர்.

அவள் எழுந்து, அதே நடையில் வெளியேறினாள்.