நாலரைக் கிலோ பெருமை

பேக்கரியில் கேக்குக்குக் கிரீம் பூசுவது அவள் வேலை. தெருவே அவளைக் கேக்கக்கா என்றுதான் கூப்பிடும். ஆனால் அவள் கிரீமை வாயில் வைத்து வருஷக்கணக்காகிறது. நாள் முழுக்க அந்த வாடையில் நிற்பவளுக்கு அதைத் தின்னவா தோன்றும்? இதைச் சொன்னால் மாமியார் நம்பினால்தானே!

இரண்டாவது முறை உண்டாகியிருந்தாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து ரத்தம் எடுத்தார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை என்று வந்தது. டாக்டரம்மா வாயைத் திறக்கும் முன்னே, கூட வந்திருந்த மாமியார் ஆரம்பித்துவிட்டாள்.

"கடையில நக்கிக்கிட்டே இருந்தா வராம என்ன செய்யும்?"

பக்கத்தில் கணவன் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா அவளைப் பார்த்துக் கேட்டார். "உங்க அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா?"

"உண்டுங்க."

"பாத்தீங்களா! கல்யாணத்துக்கு முன்னாடி மூச்சு விடல," என்றாள் மாமியார்.

"முதல் குழந்தை பிறந்தப்போ எடை எவ்வளவு?"

இதற்கும் மாமியாரே முந்திக்கொண்டாள். முகமெல்லாம் பல். "நாலரைக் கிலோ! நர்ஸுங்க எல்லாம் வந்து வந்து பாத்தாங்க. எங்க வம்சம் அப்படி!"

"அப்போ இந்த டெஸ்ட் எடுத்தீங்களா?"

மாமியார் சுவரைப் பார்த்தாள்.

"வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னு இவங்க விடலைங்க," என்றாள் கேக்கக்கா.

"அப்பவே சர்க்கரை இருந்திருக்கும். தாய் ரத்தத்துல ஏறுற சர்க்கரை புள்ளைக்கும் போகும், புள்ள ஊதிப்போகும். நஞ்சுக்கொடியில சுரக்கிறது இன்சுலினை வேலை செய்ய விடாது. இவங்க அம்மாவுக்கு இருக்கு, வயசு முப்பத்தஞ்சு தாண்டியாச்சு, உடம்பும் கொஞ்சம் கனம். இதுல இவங்க தப்பு என்ன இருக்கு?"

பெரியவன் பிறக்கும்போது தோள் மாட்டி, நீலம் பாரித்து வந்தவன். அவளுக்கு உள்ளும் புறமும் தையல். அவள் உட்கார முடியாமல் கிடந்த நாளெல்லாம், வீட்டுக்கு வந்தவர்களிடம் இந்த வாய் நாலரைக் கிலோ, நாலரைக் கிலோ என்று பீற்றிக்கொண்டிருந்தது. கடைவாயில் எச்சில் நுரைத்த அந்த வாயைப் பார்க்கவே அவளுக்கு வயிற்றைப் புரட்டியது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, மாமியார் சர்க்கரை கரைத்த பாலை நீட்டினாள். "குடி. டாக்டர் பேச்சைக் கேட்டா எலிக்குஞ்சுதான் பொறக்கும்."

கேக்கக்கா அதை அப்படியே தொட்டியில் கொட்டினாள். "உங்க பேச்சைக் கேட்டுத்தான் போன தடவை செத்துப் பொழைச்சேன்."

"அம்மா ஆசையா குடுத்தா குடிச்சா என்ன?" என்றான் கணவன், தலையைத் தூக்காமலே.

பாலைவிட அந்தக் குரல்தான் அதிகம் திகட்டியது. மகனைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே அளந்து தின்றாள், சாப்பிட்டதும் நடந்தாள், வேண்டியபோது தன் தொடையில் தானே இன்சுலின் குத்திக்கொண்டாள்.

பெண் குழந்தை. மூன்று கிலோ. குதிகாலில் குத்திப் பார்த்ததில் பிள்ளைக்குச் சர்க்கரை சரியாகவே இருந்தது.

அதுவரை எட்டிப் பார்க்காத மாமியார் மகனோடு வந்து, அடுத்த கட்டில்காரியிடம் அளக்கத் தொடங்கினாள். "ஒரு வாய் இனிப்பு தொட விடலயே நான்! கண்ணுக்குள்ள வச்சுல்ல பாத்துக்கிட்டேன்!" கணவன் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோ எடுத்தான்.

கேக்கக்கா பிள்ளையை வாரிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"என்னம்மா, குமட்டுதா?" என்று நர்ஸ் வாந்திக் கிண்ணத்தை எடுக்கப் போனாள்.

"ஆமா சிஸ்டர். கிண்ணம் வேணாம். இவங்கள வெளிய அனுப்புங்க, போதும்."