வேங்கன் படம் பார்த்தவர்கள்

‘கணவாய் வேங்கன்’ மோசமான படம். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு நாயக்க ராஜாவின் கஜானா வண்டிகளைக் கணவாயில் மறித்துக் கொள்ளையடித்து ஏழைகளுக்குக் கொடுத்த கள்ளனின் கதை. வேங்கன் குதிரையில் பாயும்போது பின்னால் கரண்டுக் கம்பம் நிற்கும். வெளியே செவலைக் குதிரையில் கிளம்பியவன் கோட்டைக்குள் வெள்ளைக் குதிரையில் நுழைவான். ராணியின் புஜத்தில் அம்மை குத்திய தழும்பு இரண்டு. இடைவேளைக்கு அப்புறம் வேங்கனுக்குக் குரலே வேறு. நடிகனுக்கும் படம் எடுத்தவனுக்கும் தகராறாகி வேறு யாரையோ பேச வைத்துவிட்டார்கள் என்றார்கள். மெட்ராஸில் ஒரு வாரம்கூட ஓடவில்லை என்று கேள்வி.

எங்களுக்கு வந்த பிரிண்டில் இன்னொரு குறையும் இருந்தது. வேங்கன் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்குக்குத் திரி வைப்பான். கிடங்கு வெடிக்கும், சுவர் சரியும், குதிரைகள் மிரளும். சத்தம் மட்டும் வராது. அந்த இடத்தில் பிலிம் கெட்டுப்போயிருந்தது. புகை ஊமையாக எழும்பும்.

எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸின் தகரக் கொட்டகையில் அந்தப் படம் வருஷத்துக்கு மூன்று தடவையாவது வந்துவிடும். நைட் ஷிப்ட் முடித்த ஆட்கள் தூக்கத்தை விட்டுவிட்டு மேட்னிக்கு வருவார்கள். பக்கத்துச் சுரங்கமான மைசூர் மைன்ஸிலிருந்து நடந்தே வருவார்கள். கேட்டில் நின்று டிக்கெட் கிழிப்பது என் வேலை. அதற்கு முன் நானும் சுரங்கத்துக்குள் நைட் ஷிப்ட் போனவன்தான். கீழே பாறை முனகுகிற சத்தம் தாங்காமல் ஒரு நாள் வேலையை விட்டு நின்றுவிட்டேன். அதற்கப்புறம் ஊரில் எனக்கு மரியாதை கிடையாது. அது போகட்டும்.

நல்ல படங்களும் வந்தன. நல்ல படத்தில் இவர்களுக்கு வேலை இல்லை, வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். வேங்கன் படத்தில் ஒவ்வொரு ஓட்டையும் இவர்களுடையது. கம்பம் வரும்போது “லைன் மேன்” என்று ஒருவன் கூப்பிடுவான். குதிரை வெளுக்கும்போது எந்த சோப்பு என்று ஒருவன் கேட்பான். ஷிப்ட் முடிந்து மேலே வரும்போது கோவணம் வரைக்கும் தடவிப் பார்க்கப்படுகிற ஆட்கள் இவர்கள். ராஜாவின் தங்கத்தை ஒருவன் வண்டி வண்டியாக ஓட்டிக்கொண்டு போவதைப் பார்ப்பதில் அவர்களுக்கு இருந்த சந்தோஷத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

வெடிக்கிற இடத்துக்கு மட்டும் ஒரு முறை வைத்திருந்தார்கள். அதற்குத் தலைவன் ராஜப்பா. சுரங்கத்தில் வெடி வைக்கிற பிளாஸ்டர், இருபது வருஷ சர்வீஸ். வேங்கன் திரியைப் பற்றவைத்ததும் ராஜப்பா பெஞ்சிலிருந்து எழுந்து, கீழே சுரங்க லெவலில் ஆட்களை எச்சரிப்பது போலவே, கையை வாயில் குவித்து “ஃபயர்” என்று நீட்டிக் கத்துவான். கொட்டகை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். திரையில் புகை எழும்பும் அந்தக் கணத்தில் அத்தனை பேரும் சேர்ந்து தரையை மிதிப்பார்கள். பெஞ்சு ஆடும், தகரம் அதிரும், கூரையிலிருந்து துரு கொட்டும். படத்தில் இல்லாத சத்தத்தை இவர்கள் கொடுத்தார்கள். அதற்காகத்தான் பாதிப் பேர் டிக்கெட் வாங்கினார்கள்.

ராஜப்பாவின் சிநேகிதன் தசரதன். அவனும் சுரங்கத்துக்குள் இறங்குகிற அதே ஷாப்டில் வேலை. அவன் பெண்டாட்டி சரோஜம்மா பேத்தமங்களாவிலிருந்து வந்தவள். வயல்காரக் குடும்பம். கல்யாணமாகி ஏழெட்டு வருஷமாகியும் கம்பெனி கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் அவளை வெளியூர்க்காரி என்றுதான் பேசுவார்கள். ஒரு பெண் குழந்தை. கூட மாமியார் மணியம்மாள், தசரதனின் தம்பி கோவிந்தராஜ். கோவிந்தராஜுக்கு வேலை இல்லை.

அந்த வாரம் தசரதனுக்குப் பகல் ஷிப்ட். படம் வந்திருக்கிறது, தன்னால் போக முடியாது, நீயாவது பக்கத்து வீட்டு பத்மாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்று அவன்தான் அவளை அனுப்பியிருக்கிறான். டிக்கெட்டைக் கொடுக்கும்போது அவளே என்னிடம் சொன்னாள். புருஷன் கீழே இருக்கும்போது பெண்கள் சினிமாவுக்கு வருவது புதிதல்ல. எப்போதும் யாராவது ஒருத்தர் கீழே இருக்கத்தான் செய்வார்கள். அப்படிப் பார்த்தால் இந்த ஊரில் பெண்கள் சினிமாவே பார்க்க முடியாது.

பாறை ஆழத்தில் பாரம் தாங்காமல் தானாக வெடிப்பதை எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்போம். மேலே வீட்டில் பாத்திரம் உருளும், சுவரில் மாட்டிய படம் ஆடும். உடனே பெண்கள் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஷாப்டுக்கு ஓடுவார்கள். எந்த ஷாப்ட், யாருடைய ஷிப்ட் என்று நின்று கேட்பதில்லை. ஓடாத பெண்பிள்ளையை ஊர் மறக்காது.

அன்றைக்கு ராஜப்பா எழுந்தான், கத்தினான். புகை எழும்பியது. கொட்டகை மிதித்தது.

நான் கேட்டில் வெளிப்பக்கம் நின்றிருந்தேன். கொட்டகை மிதித்து ஓய்ந்த பிறகும் என் பாதத்துக்குக் கீழே தரை ஒரு தடவை தூக்கிப் போட்டது. பக்கத்தில் நின்ற சோடாக்காரரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். லாரி போனால்கூட ஏர் பிளாஸ்ட் என்று நான் சொல்வதாக ஊரில் பேச்சு. அதில் உண்மையும் உண்டு. அதனால் என்னையே நான் நம்பவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன்.

பெண்கள் பக்கத்தில் ஒரே ஒருத்தி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். சரோஜம்மா. திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. பத்மாவிடம் என்னவோ சொன்னாள். பத்மா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பின்னால் இருந்தவர்கள் திரை மறைக்கிறது என்று சத்தம் போட்டார்கள். அவள் உட்காரவில்லை. ஆண்கள் பக்கம் திரும்பி, இது வேறு மாதிரி இருக்கிறது என்றாள்.

ராஜப்பா அங்கிருந்தே பதில் சொன்னான்.

“அது நம்ம காலுதாம்மா. உக்காரு.”

கொட்டகை சிரித்தது. யாரோ இன்னொரு தடவை மிதித்துக் காட்டினார்கள். அதற்கும் சிரித்தார்கள். பிளாஸ்டரே சொல்லிவிட்டான். அவள் உட்கார்ந்துவிட்டாள். வேங்கன் கோட்டைக்குள் பாய்ந்தான்.

படம் முடிந்து வெளியே வந்தபோது தெருவில் பெண்களே இல்லை. அடுப்புப் புகை மட்டும் வீடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. சிரித்தவர்கள், மிதித்தவர்கள், எல்லாரும் ஓடினார்கள். சரோஜம்மா செருப்பை விட்டுவிட்டு ஓடினாள்.

தசரதனை அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கேஜ் கூண்டில் மேலே வந்தபோது அவனுக்கு உயிர் இருந்தது, பேச்சும் இருந்தது. ஷாப்டு வாசலில் கிடத்தியிருந்த நேரம் முழுக்க, சரோ வந்தாளா என்று கேட்டிருக்கிறான். மணியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறாள், வருகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். கோவிந்தராஜ் வீட்டுக்கு ஓடிப்போய், அவள் இன்னும் வரவில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டி போகும்போது உயிர் இல்லை.

சரோஜம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணியம்மாள் அழவில்லை. கையை நீட்டி அவளை நிறுத்தி, படம் முடிஞ்சிடுச்சா என்று மட்டும் கேட்டாளாம்.

துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் கிழவி இதைச் சொன்னாள். பிள்ளை கூப்பிடக் கூப்பிட இவள் கள்ளன் படம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று. கிழவியைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பொய் சொன்னது அவள்தான், வருகிறாள் என்று, செத்துக்கொண்டிருந்த பிள்ளையிடம்.

கீழே ஆள் செத்தால் கம்பெனி அந்த வீட்டில் ஒருவருக்கு வேலை கொடுக்கும். வேலை யாருக்கோ அவருக்கே லைன் வீடு. சரோஜம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை ஆகும், வீட்டார் ஒத்துக்கொண்டு சொன்னால் போதும் என்று வெல்பேர் ஆபீசர் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டார் ஒத்துக்கொள்ளவில்லை. வேலை கோவிந்தராஜுக்கு என்றாள் மணியம்மாள். காரியத்தன்று லைன் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பது என்று ஆயிற்று. அந்த வேலை இல்லையென்றால் சரோஜம்மாவுக்கும் குழந்தைக்கும் சோறும் இல்லை, கூரையும் இல்லை. பேத்தமங்களாவில் அண்ணன் இருந்தான். அண்ணிக்கு அவள் வருவது பிடிக்காது என்பதும் ஊருக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலில் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். நடுவில் ராமசாமி மேஸ்திரி, ரிட்டையரான ஆள், நியாயமாகப் பேசுவார் என்று பெயர். சரோஜம்மா வெள்ளைப் புடவையில் உள் நிலைப்படிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தலை மட்டும் தெரிந்தது.

மேஸ்திரி அவளிடம் கேட்டார். அவள் சுருக்கமாகச் சொன்னாள். தரை அதிர்ந்தது தெரிந்தது, எழுந்து நின்றேன், ஏர் பிளாஸ்ட் இல்லை என்று சொன்னார்கள், உட்கார்ந்துவிட்டேன். சொன்னது யார் என்று அவர் கேட்டதற்கு அவள் பெயர் சொல்லவில்லை. கொட்டகை மொத்தமும் கேட்டது, அவர்களே சொல்லட்டும் என்றாள்.

மேஸ்திரி பந்தலைச் சுற்றிப் பார்த்தார். அன்றைக்கு மேட்னியில் இருந்தவர்கள் யார் என்று கேட்டார்.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். அந்தப் பந்தலில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நானே டிக்கெட் கிழித்தவன். எத்தனை தடவை பார்த்தோம் என்று கள்ளுக்கடையில் பந்தயம் கட்டுகிறவர்கள். வேங்கன் பேசும் வசனத்தை இரண்டு குரலிலும் சொல்லிக் காட்டுகிறவர்கள். ஒருவன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்றான். ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றான். இன்னொருவன், அந்தக் கண்றாவிப் படத்தை யார் பார்ப்பது என்றான். அதற்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. பத்மா உள்ளே இருந்தாள். கூப்பிட்டபோது அவள் புருஷன், பொம்பளைங்களை இதுல இழுக்காதீங்க என்று முடித்துவிட்டான்.

ராஜப்பா மட்டும் வந்திருந்ததை மறுக்கவில்லை. மறுக்க முடியாது, ஃபயர் சொன்னது அவன். அவனுக்கு முகம் கறுத்துப்போயிருந்தது. தசரதன் பாடையைத் தூக்கியதில் முன்தோள் அவனுடையது. அந்த அம்மா எழுந்து நின்றாளா என்று மேஸ்திரி கேட்டார்.

“இருவது வருஷமா கீழ வேலை செய்றேன்” என்றான் ராஜப்பா. “ஏர் பிளாஸ்டு வந்தா எனக்குத் தெரியாதாங்க? எங்க காலு எது, பாறை எதுன்னு தெரியாமலா பிளாஸ்டர் வேலை பாக்கறேன்? அப்போ ஒண்ணும் வரல. அப்புறமா, பாட்டு ஓடக்கொள்ள வந்திருக்கும்.”

அவ்வளவுதான். அவள் நின்றாள் என்று அவன் சொன்னால், காலுக்கும் பாறைக்கும் வித்தியாசம் தெரியாத பிளாஸ்டர் என்று ஊர் சொல்லும். நாளைக்கு எவனும் அவன் வைக்கிற வெடிக்குப் பக்கத்தில் நிற்கமாட்டான். மற்றவர்களுக்கும் அதே கதைதான். எல்லாரும் சுரங்கத்து ஆட்கள். ஒருவனுக்கும் தெரியவில்லை, வயல்காட்டிலிருந்து வந்தவளுக்குத் தெரிந்தது என்று யார் வாயால் சொல்வார்கள்?

சரோஜம்மா நிலைப்படியிலிருந்து கேட்டாள்.

“அண்ணா, நான் எழுந்து நிக்கல?”

ராஜப்பா பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருட்டுல யாரு நின்னாங்க, யாரு உக்காந்தாங்கன்னு நான் இன்னாத்த கண்டேன் என்றான்.

நான் எழுந்தேன். நான் பார்த்தேன், அவள் நின்றாள், இவன்தான் உட்காரச் சொன்னான், அதிர்வு எனக்கும் தெரிந்தது என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே பந்தல் இளகிவிட்டது. பதினாறு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தம்பிக்குப் பூனை குதிச்சாலே ஏர் பிளாஸ்டு” என்றான் கோவிந்தராஜ், என்னைக் காட்டி.

சிரித்தார்கள். சாவு வீட்டில், வாயைப் பொத்திக்கொண்டு, ஆனால் சிரித்தார்கள். ராமசாமி மேஸ்திரிகூட மீசையைத் தடவிக்கொண்டார். அதுவரை பந்தலில் ஒரு சங்கடம் இருந்தது, யாராவது ஒருவன் வாய் திறந்துவிடுவானோ என்று. அது போய்விட்டது. பயந்து ஓடியவன் ஒருவன்தான் அவளுக்குச் சாட்சி என்றால், அதற்குமேல் பேச என்ன இருக்கிறது. வேலை கோவிந்தராஜுக்கு என்று மேஸ்திரி சொன்னார். மருமகள் வீட்டிலேயே இருந்து கிழவிக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு இருக்கட்டும், குழந்தைக்கும் ஒரு வாய் கிடைக்கும் என்றார். நியாயமாகப் பேசிவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

இலை போட்டார்கள். நான் உட்காரவில்லை. கொல்லைப் பக்கம் போய் அண்டாவில் தண்ணீர் மொண்டு முகம் கழுவினேன். சரோஜம்மா கொல்லைக் கதவில் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அதை எப்படி வாங்கிக்கொள்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

“நீ சும்மா இருந்திருந்தா, ராஜப்பாண்ணன் இன்னும் கொஞ்ச நேரத்துல சொல்லியிருப்பாரு” என்றாள். “அவரு கை நடுங்கிட்டு இருந்துச்சு. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. உலையில் உப்பு அதிகம் என்று சொல்வது போலச் சொன்னாள். அப்புறம் குழந்தையைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. பந்தலுக்குத் திரும்பி ராஜப்பாவைப் பார்த்தேன். அவன் கை நடுங்கவில்லை. ரசத்தை இலையில் அணை கட்டிப் பிசைந்துகொண்டிருந்தான். பரிமாறுகிறவன் தாண்டிப் போனபோது, இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னான்.