பெரியவள் குழலும் சின்னவள் குழலும்

பெரியவள் செய்த தகரக் குழல் முப்பத்தெட்டு கிராம் இருந்தது. அதே தகரத்தில், அதே நீளத்தில், அதே ஆறு துளைகளோடு அவளுடைய தங்கை செய்தது பதினொரு கிலோ இருந்தது. அப்பா விட்டுப்போன பட்டறையின் நடுவே சாக்பீஸால் கோடு கிழித்து, ஆளுக்கொரு மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து இருவரும் வேலை செய்தார்கள். தகரம் வெட்டும் கத்தரியும் மரச்சுத்தியலும் எழுப்புகிற சத்தத்தைத் தவிர அங்கே பேச்சுவார்த்தை கிடையாது.

பகை அம்மாவின் சாவில் ஆரம்பித்தது. சின்னவள் அப்போது புருஷனோடு வேறு ஊரில் இருந்தாள். அம்மா மூன்று நாள் இழுத்துக்கொண்டு கிடந்தாள். சின்னவள் எங்கே, சின்னவள் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பெரியவளோ அடக்கம் முடிந்து, வீட்டையும் கழுவிவிட்ட பிறகுதான் தங்கைக்குப் போன் போட்டாள். சின்னவள் வந்தாள். அழவில்லை. வெறும் கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்த வாரமே புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து குடியேறி, பாதிப் பட்டறையை எடுத்துக்கொண்டாள். அவள் செய்த முதல் குழல் மேசையிலிருந்து உருண்டு விழுந்து சிமெண்டுத் தரையில் பள்ளம் போட்டது.

பெரியவள் உடனே எடை அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். தங்கைக்காரி உள்ளே ஈயம் ஊற்றுகிறாள், பிள்ளைகள் வாயில் வைக்கிற சாமான், ஜெயிலில் போட வேண்டும் என்று மூன்று பக்கம். இரண்டு தராசுகளோடு வந்த ஆய்வாளர் நான்கு நாள் தங்கினார். பன்னிரண்டு குழல்களைப் பிளந்து பார்த்தார். உள்ளே காற்றுதான் இருந்தது. வெட்டிய தகரத்தை எடை போட்டார். இரண்டு பேருடையதும் ஒன்றாகவே இருந்தது. சின்னவள் துளை போடப் போடத்தான் எடை ஏறியது. கடைசியில் மேசைகளை மாற்றி உட்காரச் சொன்னார். சின்னவளின் மேசையில் பெரியவள் செய்தது முப்பத்தெட்டு கிராம். பெரியவளின் மேசையில் சின்னவள் ஆறாவது துளையைப் போட்டதும் மேசைக்கால் முறிந்தது.

"பாத்தீங்களா சார், இவ கை பட்டா எதுவும் விளங்காது" என்றாள் பெரியவள்.

சின்னவள் திரும்பியும் பார்க்கவில்லை. "அவங்க செஞ்சது காத்தா இருக்குல்ல சார்? அவங்களுக்கு எதுவுமே கனக்காது."

'கலப்படம் இல்லை, எடை மட்டும் வேறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆய்வாளர் பஸ் ஏறினார்.

அன்று சாயங்காலமே பெரியவள் கோட்டைத் தாண்டினாள். தங்கை முடித்து வைத்திருந்த குழல் ஒன்றைச் சாக்கடையில் எறியத் தூக்கினாள். அது கை நழுவி அவளுடைய வலது பாதத்தில் விழுந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் தெருமுனை வரை கேட்டது.

"எடுடீ!" என்று அலறினாள்.

சின்னவள் பக்கத்தில் வந்து குந்தினாள். குழலைத் தொடவில்லை. "மூணு நாள்ல ஒரு போன் பண்ண முடியலயா உனக்கு?"

"நீ வந்திருந்தா அம்மா உன் மடியிலதான் செத்திருப்பா. ஏழு வருஷம் பீ மூத்திரம் அள்ளினவ நான்."

சின்னவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு இரண்டு கையாலும் குழலைத் தூக்கி எடுத்துக்கொண்டு போய்த் தன் மேசையில் வைத்தாள். ஆட்டோவைக் கூப்பிட்டது எதிர்க்கடைக்காரர்தான்.

மறுநாள் சின்னவள் செய்த குழல் பன்னிரண்டு கிலோ இருந்தது. பெரியவள் கட்டுப்போட்ட காலோடு திரும்பி வந்து செய்தது அதே முப்பத்தெட்டு கிராம்.

வருஷங்கள் போயின. சமாதானம் பேச வந்தவர்களை இருவருமே விரட்டினார்கள். அதில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது. பெரியவளின் சரக்கு தபாலில் போயிற்று, சின்னவளுடையது லாரியில். கடைக்காரர்கள் ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள், மற்றதைத் தரையில் அடுக்கினார்கள். வாங்க வருகிறவர்கள் யாரும் காரணம் கேட்பதில்லை. சின்னவளின் குழலைத் தூக்கி வாசிக்க முடியாது என்பதால், குப்புறப் படுத்து ஊதப் பழகிக்கொண்டார்கள். பட்டறை வாசலில் தினமும் நாலைந்து பேர் அப்படிப் படுத்துக் கிடப்பார்கள். பெரியவள் நொண்டிக்கொண்டே வந்து, "வழிய விட்டுத் தொலைங்க" என்று திட்டுவாள். அவர்கள் ஊதுவதை நிறுத்தாமல் காலை மட்டும் மடக்கிக்கொள்வார்கள்.