உள்தாழ்

கார்க் கதவின் நான்காவது திருகாணியை அருணகிரி கழற்றிக்கொண்டிருந்தபோது லட்சுமணன் கொட்டகைக்குள் வந்தார்.

"டேய் அருணகிரி, இன்னாடா பண்ற? அங்க பாடை கட்டிகினு இருக்கறாங்க. நீ இங்க காரு கதவப் பிரிச்சிகினு கீற?"

"அஞ்சு நிமிசம் மாமா."

"ஊரே பாக்குதுடா. பெத்த புள்ள அப்பன் பொணத்துகிட்ட ஒக்காராம..."

"அஞ்சே நிமிசம்."

லட்சுமணன் அவன் அம்மாவின் தம்பி. முந்தின நாள் சாயங்காலம் இந்தக் கதவைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தவர் அவர்தான். மூன்று ஆள் சேர்ந்து இழுத்தும் அது அசையவில்லையாம். கடைசியில் கதவின் பூட்டு வந்து மாட்டும் தூணில் இருந்த தகடு வளைந்து பிய்ந்துகொண்டு வந்திருக்கிறது. உள்ளே டிரைவர் சீட்டில் அவன் அப்பா தீர்த்தகிரி சாய்ந்திருந்தார். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. கண்ணாடி ஏறக்குறைய முழுக்க ஏறி, மேலே இரண்டு விரல் இடைவெளி மட்டும் இருந்தது.

அந்த மலை ஊர்களில் அப்படி ஒரு கார் வேறு யாரிடமும் கிடையாது. இரண்டே பேர் உட்காரும் வண்டி. நீண்ட மூக்கு, தரையோடு தரையாக உட்கார்ந்த உடம்பு, பழுத்த மிளகாய் நிறம். பழத்தோட்டம் வைத்திருந்த மெட்ராஸ் வக்கீல் ஒருவர், தோட்டத்தை விற்றுவிட்டுப் போகும்போது, இருபது வருஷம் தன் டிரைவராக இருந்த தீர்த்தகிரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு ஒன்பது வருஷம் ஆகிறது. தீர்த்தகிரி அதற்கென்று சுவரை ஒட்டி ஒரு கொட்டகை போட்டார். இடப்பக்கக் கதவு சுவரில் இடிக்கும். அதனால் ஏறுவதும் இறங்குவதும் இந்த ஒரு கதவு வழியாகத்தான்.

ஆடி மாசம் போளூர் லாரிப் பட்டறைக்கு அப்பாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'கதவு தொங்குகிறது. சாத்தினால் மாட்டிக்கொள்கிறது. கண்ணாடி பாதியில் நிற்கிறது. ஒருநாள் லீவு போட்டு வரவும்.' தீபாவளி கழித்து வருகிறேன் என்று அருணகிரி பதில் போட்டான். இப்போது ஐப்பசி பாதிதான் ஆகியிருந்தது. தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தவனை, கிராமமே வழிமறித்து ஒரே விஷயத்தைச் சொன்னது. கதவு மாட்டிக்கொண்டது, மனுஷன் உள்ளேயே அடைபட்டுப் போய்விட்டார். அம்மா ராணியம்மாள் அவனைக் கட்டிக்கொண்டு அழவில்லை. அவன் காதருகே வாயை வைத்து மெதுவாகக் கேட்டாள்.

"நான் மேக்கால கொல்லையில சாமை அறுத்துகினு இருந்தேன் கண்ணு. என்னக் கூப்ட்டிருப்பாரா?"

அருணகிரி அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் மாடத்திலிருந்த அப்பாவின் திருப்புளியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தான்.

கதவின் உள்பக்க அட்டை கையோடு வந்தது. அருணகிரி தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தான். துருவும் தூசியும் மண்டிக்கிடக்கும் என்று நினைத்திருந்தான். கிரீஸ் வாசனை அடித்தது.

கண்ணாடி ஓடும் காடியில் பழைய கம்பளியை நாடா மாதிரி நறுக்கி, சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தது. பல்சக்கரம் துடைத்துப் பளபளத்தது. கைப்பிடியைச் செருகி ஒரு விரலால் சுற்றினான். கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஏற்றினான். எங்கும் நிற்காமல் ஏறியது. அவசரமாகக் கீலைப் பார்த்தான். தொங்கிப்போன கதவைத் தூக்கிவிட, தகர டப்பாவை வெட்டி வாஷர் செய்து, கீலுக்கடியில் அப்பா மூன்று கொடுத்திருந்தார். அவன் பட்டறை மேஸ்திரிகூட இத்தனை பொறுமையாகச் செய்யமாட்டார்.

"மாமா, இங்க வாங்க."

"இன்னாடா?"

"கதவு மாட்டல. அப்பா எல்லாத்தையும் சரி பண்ணி வெச்சிகீறாரு."

"மாட்டாமயா மூணு பேரு இழுத்தும் வரல?"

அருணகிரி பூட்டின் நாக்கைப் பார்த்தான். அது வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கட்டைவிரலால் அழுத்தினான், உள்ளே போகவில்லை. வெளிக் கைப்பிடியைத் திருப்பினான், அதுவும் அசையவில்லை. அப்புறம்தான் உட்பக்கத்துச் சின்னக் கைப்பிடி கண்ணில் பட்டது. அதை முன்னால் தள்ளினால் தாழ். பின்னால் இழுத்தால் திறக்கும். அது முன்னால் தள்ளியிருந்தது.

பின்னால் இழுத்தான். க்ளிக்கென்று நாக்கு உள்ளே போனது. தள்ளினான், நீண்டது. இழுத்தான், போனது. ஏழெட்டுத் தடவை செய்து பார்த்தான்.

"உள்ளார தாழ் போட்டிருந்தாரு மாமா. அதான் ஒங்களுக்கு வரல. அவரு ஒரு இழுப்பு இழுத்திருந்தா வந்திருப்பாரு. இழுக்கவே இல்ல."

லட்சுமணன் குனிந்து, தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு தோள் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். "ராத்திரியெல்லாம்... இன்னுங் கொஞ்சம் முன்னாடி கடப்பாரய எடுத்திருந்தா உசுரோட இருந்திருப்பாரோன்னு..."

அருணகிரி பெண்கள் கூட்டத்துக்குள் போய் அம்மாவைக் கையைப் பிடித்து எழுப்பினான். புருஷன் பிணத்தை விட்டு அவளை எங்கே கூட்டிப்போகிறான் என்று யாரோ முணுமுணுத்தார்கள். கொட்டகையில், அவள் கையாலேயே அந்தத் தாழைத் தள்ளவும் இழுக்கவும் வைத்தான்.

"கூப்டலம்மா. வெளிய வரணும்னு நெனைக்கவே இல்ல. கண்ணாடியக்கூட காத்துக்குத்தான் ரெண்டு வெரல் எறக்கி வெச்சிகீறாரு."

ராணியம்மாள் அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"முன்னயெல்லாம் மத்தியானம் சோறு துன்னா இதுலதான் வந்து படுப்பாரு. அத்த எடு, இத்த எடுன்னு நான் கூப்டுவேன்னு தாழ் போட்டுக்குவாரு. கண்ணாடியில தட்டித் தட்டி எங்கையே வலிக்கும். காது கேக்காத மாதிரியே படுத்துகினு இருப்பாரு." அவள் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "கதவு மாட்ட ஆரமிச்சதும் பயந்துகினு படுக்கறதயே வுட்டுட்டாரு. போன வாரமெல்லாம் எந்நேரமும் இங்கதான் தட்டிகினு கெடந்தாரு. இன்னா பண்றன்னு நான் கேட்டுக்கல."

"சரியாப் போச்சுன்னுதாம்மா படுத்துகீறாரு. தூக்கத்துலயே போயிட்டாரு."

"ஆமா," என்றாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். வளைந்துபோன தகட்டை விரலால் தொட்டாள். "இதயும் நேராக்கிட்டு வா. அவரு செஞ்சி வெச்சத இப்பிடியே வுட்டுட்டுப் போவாத. அதுவரைக்கும் பாடையத் தூக்கவாணாம்னு நான் சொல்லிக்கிறேன்."

வெளியே மேளக்காரர்கள் பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அருணகிரி தகட்டைக் கல்மேல் வைத்துச் சுத்தியால் தட்டினான். லட்சுமணன் மறுமுனையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். தகட்டைத் தூணில் முடுக்கிவிட்டுக் கதவைத் தள்ளினான். அது சத்தமே இல்லாமல் போய்ப் பொருந்தியது. இருவரும் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்தார்கள்.

ஓடைக்கரையில் புதைத்துவிட்டு, குளித்து, ஈரத்துணியோடு திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. துக்க வீட்டில் உலை வைக்கக்கூடாதென்று பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் கொண்டுவந்திருந்தாள். அருணகிரி இலையில் போட்டதையெல்லாம் வேகமாகச் சாப்பிட்டான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவுக்கு வந்தது.

"அவனுக்கு இன்னுங் கொஞ்சம் போடு பெரியம்மா," என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

பெரியம்மாள் சோற்றை வைத்து, மேலே தாராளமாகக் குழம்பை ஊற்றினாள். அது சோற்றைச் சுற்றிக்கொண்டு ஓரத்துக்கு ஓடி வந்தது. அருணகிரி இடது கையால் இலையின் விளிம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சோற்றைப் பிசைய ஆரம்பித்தான்.